பாலத் தடுப்புச்சுவரில் கண்ணாடியிழைக் கம்பி: இழுவைச் சோதனையில் கம்பி வழுக்குகிறது, முழு அளவு மாதிரிக்கு என்ன ஏற்பாடு தேவை?

ஆய்வுக்கூடம்16 (கேள்வி)

வணக்கம். பாலத்தின் ஓரத் தடுப்புச்சுவரில் இரும்புக் கம்பிக்குப் பதிலாக ஜி.எஃப்.ஆர்.பி. என்கிற கண்ணாடியிழைக் கம்பியைப் போட்டுச் சோதிக்க வேண்டும். முதலில் கம்பியைத் தனியாக, பிறகு டெக் ஸ்லாபோடு (பாலத்தின் தளத்தோடு) சேர்த்து வார்த்த சுவரை முழு அளவில். சுவர் டி.எல்.-4 தரத்துக்கு, அதாவது லாரி மோதலைத் தாங்க வேண்டிய சோதனை நிலைக்கு.

கம்பி 5-ஆம் எண், விட்டம் 15.9 மி.மீ., வெளியே மணல் பூச்சு. இரு முனைகளிலும் 250 மி.மீ. நீளமுள்ள இரும்புக் குழாய். உள்விட்டம் 32, சுவர்த் தடிமன் 5 மி.மீ. உள்ளே சாதாரணச் சுருங்காக் கிரவுட் (இட்டு நிரப்பும் சிமெண்ட் கலவை), மூன்று நாள் க்யூரிங். யு.டி.எம். என்கிற இழுவைச் சோதனை எந்திரத்தில் இழுத்தால் ஐந்தில் மூன்று மாதிரிகள் 95 கிலோநியூட்டன் வாக்கில் குழாயிலிருந்து வழுக்கி வந்துவிட்டன. மற்ற இரண்டும் குழாய் வாயிலேயே ஒடிந்தன. தயாரிப்பாளர் 130 கிலோநியூட்டனுக்குக் குறையாது என்று உறுதி சொல்கிறார்.

கேட்க வேண்டியவை:

1. பிடிமானத்தை எப்படிச் சரிசெய்வது? நேராக எந்திரத்தின் வெட்ஜ் கிரிப்பில் (ஆப்புப் பிடியில்) கடிக்க விடலாமா?
2. சுவரிலிருந்து டெக்குக்குள் இறங்கும் வளைந்த கம்பிகளுக்குத் தனிச் சோதனை வேண்டுமா, நேர்க்கம்பியின் எண்ணே போதுமா?
3. சுவர் மாதிரி 1.2 மீட்டர் நீளத்துக்குத் திட்டமிட்டிருக்கிறோம். போதுமா? என்ன சுமை, எந்த உயரத்தில்?

குழாய்முனை

முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன்.

வெட்ஜ் கிரிப் வேண்டவே வேண்டாம். இந்தக் கம்பிக்கு நீளவாக்கில்தான் பலம். குறுக்கே அழுத்தினால் ரெசின் நொறுங்கி இழைகள் பிரிந்துவிடும். கடிபட்ட இடத்தில் பாதிச் சுமையிலேயே போய்விடும், அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. இழுவைச் சோதனைக்கான ஏ.எஸ்.டி.எம். டி7205 தரநூல் குழாய்ப் பிடிமானத்தைக் கேட்பது இதனால்தான்.

உங்கள் குழாயில் நடந்ததைக் கணக்காகவே பார்க்கலாம். 250 மி.மீ. நீளத்தில் கம்பியின் மேற்பரப்பு சுமார் 12,500 சதுர மி.மீ. 95 கிலோநியூட்டனை அதால் வகுத்தால் 7.6 மெகாபாஸ்கல். உங்கள் கிரவுட்டின் பிடி அவ்வளவுதான். உறுதிச் சுமை 130 என்றால் நல்ல கம்பி உண்மையில் 160, 170 வரைக்கும் போகும், ஏனென்றால் உறுதிச் சுமை என்பது சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கத்தைக் கழித்தது. 170-க்கு அதே 7.6-இல் பிடிக்க 450 மி.மீ. குழாய் வேண்டும், அதிலும் கையிருப்பு ஒன்றும் இல்லை. ஆகவே நீளத்தையும் கூட்டுங்கள், கிரவுட்டையும் மாற்றுங்கள்.

மாற்ற வேண்டியது விரிவடையும் கிரவுட்டுக்கு. வெடியில்லாமல் பாறை பிளக்கப் பயன்படுத்துகிறார்களே, அதே தூள். எடையில் சுமார் 30 சதவீதத் தண்ணீர். குழாய்க்குள் அடைபட்டு விரியும்போது கம்பியைச் சுற்றிலும் சமமாக நெருக்கும். ஒட்டுப்பிடியோடு உராய்வுப் பிடியும் சேர்ந்துகொள்ளும். அழுத்தம் முழுசாக ஏற மூன்று நாளாவது விடுங்கள். 40 மெகாபாஸ்கல் அழுத்தம் என்று வைத்தாலும் உங்கள் குழாயின் சுற்றுத் தகைவு 128 மெகாபாஸ்கல்தான், 5 மி.மீ. சுவர் தாங்கும். மெல்லிய குழாய் போட்டால் தையலில் பிளக்கும்.

வேலை முறை: குழாயின் உட்புறத்தில் எண்ணெய் இருந்தால் அசிட்டோனால் துடைத்துவிடுங்கள். அடியில் நடுத்துளை போட்ட ரப்பர் அடைப்பு, மேலே நடுத்துளை மூடி. கம்பி மையத்தில் நிற்பதை இந்த இரண்டும்தான் பார்த்துக்கொள்ளும். மரச் சட்டத்தில் செங்குத்தாக நிறுத்தி, குண்டுநூல் பிடித்துப் பார்த்து ஊற்றுங்கள். ஒரு முனை இறுகிய பிறகு மறுநாள் திருப்பி மறுமுனை. வெயிலில் சூடேறிய குழாயில் இந்தத் தூளை ஊற்றினால் வாய்வழியாகப் பீறிட்டு வரும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

வாயில் ஒடிந்த இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் மையம் விலகல். இரண்டு குழாய்களும் ஒரே கோட்டில் இல்லையென்றால் இழுவையோடு வளைவும் சேர்ந்து வாய் விளிம்பில் ஒரு பக்க இழைகள் முதலில் அறுந்துவிடும். பிடிமானத்திலோ அதன் வாயிலோ நடந்த முறிவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தள்ளிவிட்டு வேறு மாதிரி செய்ய வேண்டும்.

குழாய்களுக்கு இடைப்பட்ட நீளம் விட்டத்தின் 40 மடங்குக்கும் 380 மி.மீ.க்கும் குறையக் கூடாது. உங்களுக்கு 640. இரண்டு குழாய் 450 வீதம் சேர்த்தால் மாதிரி 1,540 மி.மீ. யு.டி.எம்.மின் இடைவெளி இதற்குப் போதுமா என்று வெட்டுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். வெட்ட டைமண்ட் பிளேடு, இரும்புக் கம்பி வெட்டும் கத்தரி வேண்டாம். ஒன்றிலிருந்து பத்து நிமிடத்துக்குள் ஒடிகிற வேகத்தில் இழுங்கள். நிமிடத்துக்கு 3 மி.மீ. வாக்கில் தொடங்கிப் பார்க்கலாம்.

மீள்குணகத்தை 0.001-க்கும் 0.003-க்கும் இடைப்பட்ட திரிபில் எடுக்கிறோம். குறைந்தபட்சமான 44.8 ஜிகாபாஸ்கலையும் 199 சதுர மி.மீ. பரப்பையும் வைத்தால் அது 9 முதல் 27 கிலோநியூட்டன் வரை, அதாவது ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு எக்ஸ்டென்சோமீட்டரை (நீட்சி அளக்கும் கருவியை) கழற்றிவிடுங்கள். ஒடியும்போது கம்பி துடைப்பம் மாதிரி விரிந்து இழைகள் தெறிக்கும். சுற்றிலும் வலையோ பாலிகார்பனேட் தடுப்போ இருக்கட்டும்.

பரப்பில் ஒரு பொறி இருக்கிறது. இந்தக் கம்பிக்கான ஏ.எஸ்.டி.எம். தரநூலான டி7957-இல் 5-ஆம் எண் கம்பியின் பெயரளவுப் பரப்பு 199. தண்ணீரில் அமிழ்த்தி அளந்த பரப்பு 186 முதல் 251 வரை இருக்கலாம் என்று அனுமதி. ஒருவர் 199-ஆல் வகுப்பார், இன்னொருவர் 240-ஆல் வகுப்பார். ஒரே கம்பிக்கு இரண்டு வலு வந்து நிற்கும். அறிக்கையில் முறிவு விசையைக் கிலோநியூட்டனில் எழுதிவிட்டால் இந்தச் சண்டையே இல்லை.

வளைகம்பி

இரண்டாவது கேள்வி: கட்டாயம் தனியாகச் சோதிக்க வேண்டும். தடுப்புச்சுவரில் விஷயமே வளைவில்தான் இருக்கிறது.

வளைவில் இழைகள் உட்பக்கம் சுருண்டு நெளிந்துவிடுகின்றன, கூடவே குறுக்கு அழுத்தமும் வருகிறது. நேர்க்கம்பியின் வலுவில் ஏறக்குறைய பாதிதான் தேறும். அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் ஏ.சி.ஐ. 440 சூத்திரத்தில் வளைவு ஆரத்தை விட்டத்தால் வகுத்து, 0.05-ஆல் பெருக்கி, 0.3 கூட்டுகிறோம். ஆரம் மூன்று மடங்கு விட்டமென்றால் 0.45. டி7957-க்கு ஏற்ற கம்பி சோதனையில் குறைந்தது 60 சதவீதம் காட்ட வேண்டும். இந்த 45-க்கும் 60-க்கும் நடுவில்தான் உங்கள் சுவர் தேறுவதும் தோற்பதும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். அமெரிக்க நெடுஞ்சாலை அமைப்பான ஆஷ்டோவின் டி.எல்.-4 சுமை 240 கிலோநியூட்டன். 1.07 மீட்டர் நீளத்தில், 813 மி.மீ. உயரத்தில். 45 பாகையில் இருபுறமும் விரிந்து அடிக்கு வரும்போது 2.7 மீட்டர். சுவரடியில் மீட்டருக்கு 72 கிலோநியூட்டன்-மீட்டர். பயனுறு ஆழம் 250 மி.மீ. என்றால் நெம்புகை 225. இழுவை மீட்டருக்கு 321 கிலோநியூட்டன்.

கம்பி 300 மி.மீ.க்கு ஒன்று என்றால் தகைவு 484 மெகாபாஸ்கல். உறுதி வலு 653. வெளியில் நிற்கும் சுவருக்கு ஆஷ்டோவின் சூழல் காரணி 0.7, ஆக வடிவமைப்பு வலு 457. நேர்க்கம்பியே போதவில்லை. 150-க்கு ஒன்று வைத்தால் தகைவு 242. வளைவுக்குச் சூத்திரம் தருவது 206, போதாது. சோதனையில் 60 சதவீதம் நிரூபித்தால் 274, போதும். விதிநூல் சூத்திரத்தையே பிடித்துக்கொண்டால் வழி ஒன்றுதான்: சுவரடிக்கும் வளைவு தொடங்கும் இடத்துக்கும் நடுவில் நேர்நீளம் கூட்டி, பிணைப்பின் மூலம் தகைவை இறக்க வேண்டும். டெக் தடிமன் 225 மி.மீ. என்றால் அதற்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்று வரைந்து பாருங்கள்.

வளைவுச் சோதனைக்கான தரநூல் டி7914. "ப" வடிவக் கம்பியின் இரு வளைவுகளையும் எதிரெதிரான இரண்டு கான்கிரீட் கட்டைகளில் பதித்து, நடுவில் ஜாக்கி வைத்துத் தள்ள வேண்டும். நேர்ப்பகுதிக்கு நெகிழிக் குழாய் மாட்டிப் பிணைப்பை நீக்கினால்தான் சுமை முழுதும் வளைவுக்குப் போகும். அதை மறந்தால் நேர்ப்பகுதியின் பிணைப்பு சுமையைத் தாங்கிக்கொள்ளும், வளைவு நல்ல பிள்ளை மாதிரி எண்ணைக் காட்டும். கட்டைக்குள் இரும்பு ரிங் நெருக்கமாகப் போடுங்கள், இல்லாவிட்டால் கம்பி ஒடியும் முன் கட்டை பிளந்துவிடும்.

இன்னொன்று. வளைகம்பி தொழிற்சாலையிலேயே வளைந்து வர வேண்டும். இறுகிய கம்பியைத் தளத்தில் சூடுபடுத்தி வளைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வளைக்காமல் முனையில் தலை வைத்த நேர்க்கம்பியும் ஒரு வழி. தலை டெக்குக்குள் நங்கூரமாக நிற்கும். அதற்கும் தலையோடு சேர்த்து இழுத்த சோதனை முடிவு வேண்டும், ஏனென்றால் ஒடிவது கம்பியா, தலை கழன்று வருகிறதா, கூம்பாகக் கான்கிரீட் பெயர்கிறதா என்பது வெறும் கணக்கில் தெரியாது.

சுமைச்சட்டம்

மூன்றாவதுக்கு: 1.2 மீட்டர் போதாது. வளைகம்பி நண்பர் சொன்ன 2.7 மீட்டர் விரிவை நினைத்துக்கொள்ளுங்கள். 1.2 மீட்டர் மாதிரியில் விரிய இடமே கிடையாது. அது வெறும் நெம்புகோல் ஸ்லாபாக வளையும். அடிக்கம்பியின் வலுவைச் சொல்லும், சுவரின் வலுவைச் சொல்லாது. அப்படி ஒரு சிறு மாதிரி செய்வதில் தவறில்லை, சுவரும் டெக்கும் சேரும் மூலையை மலிவாகப் பார்க்கலாம். ஆனால் சுவர் என்று பேச வேண்டுமானால் உட்பகுதிக்கு 5, 6 மீட்டராவது வேண்டும். அதே மாதிரியின் முனையில் இரண்டாவது சுமை கொடுத்தால் விரிவிணைப்பு ஓரத்தையும் சோதித்துவிடலாம். முனையில் ஒரு பக்கம்தான் விரியும், அதனால் அங்கே செங்குத்துக் கம்பிகள் நெருக்கமாக வேண்டும்.

சுமையை எடுக்கும் முன் விதிநூலை முடிவுசெய்யுங்கள். கனடாவின் பால விதிநூலான சி.எஸ்.ஏ. எஸ்6-இல் டி.எல்.-4-க்குப் பக்கச்சுமை 100 கிலோநியூட்டன், காரணி 1.7, ஆக 170. 1,050 மி.மீ. நீளத்தில், 700 மி.மீ. உயரத்தில். டி.எல்.-5-க்கு 210, காரணியோடு 357, 2.4 மீட்டர் நீளம், 990 மி.மீ. உயரம். ஆஷ்டோவின் 240 காரணியெல்லாம் சேர்ந்த எண், அதன் மேல் 1.7 போடக் கூடாது. ஒன்றின் சுமையையும் மற்றொன்றின் குறைப்புக் காரணியையும் கலந்த அறிக்கைகள் நிறைய வருகின்றன. ஆஷ்டோவின் அந்த எண்ணும் மாஷ் என்கிற புதிய மோதல் சோதனை நடைமுறை வருவதற்கு முந்தைய வண்டிக்கானது, மாஷ் டி.எல்.-4-க்கு சுவர் உயரமே குறைந்தது 915 மி.மீ. வேண்டும்.

ஏற்பாட்டில் அதிகம் கெடுவது டெக்கைக் கட்டும் இடம். ஆங்கர் போல்ட்டைச் சுவரின் பின்னடியிலேயே இறுக்கினால் மூலை அமுங்கிவிடும். நிஜப் பாலத்தில் வரும் மூலைவிட்ட விரிசல் வரவே வராது, எண்ணும் பொய்யாக உயரும். டெக்கைத் தாங்கும் கர்டர் எங்கே வருமோ அங்கிருந்து டெக் தொங்க வேண்டும், போல்ட் அதற்கு உள்பக்கம். தரையோடு டெக் எவ்வளவு எழும்புகிறது, எவ்வளவு நகர்கிறது என்பதற்கு இரண்டு எல்.வி.டி.டி. (நகர்வு அளக்கும் கருவி) தனியாக வையுங்கள். மேல் விளிம்பு 30 மி.மீ. நகர்ந்தது என்று எழுதி, அதில் 12 டெக் தூக்கியதால் வந்தது என்று பிறகு தெரிந்தால் மொத்தமும் பாழ்.

சுமைப் பட்டை 1,070 மி.மீ. இரும்பு பீம், சுவருக்கும் அதற்கும் நடுவில் நியோப்ரீனோ மரமோ. ஜாக்கிமுனையில் கோளத் தாங்கி. சுவர் சாயும்போது பட்டையும் சேர்ந்து சாய வேண்டும். ஜாக்கியின் கொள்ளளவு எதிர்பார்க்கும் முறிவுச் சுமையின் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். அந்த எதிர்பார்ப்பைக் குறைப்புக் காரணி இல்லாமல் கம்பியின் சராசரி வலுவையும் சோதனை நாளன்று உடைத்த சிலிண்டர் வலுவையும் வைத்துப் போடுங்கள். சிலிண்டர்கள் மாதிரியின் பக்கத்திலேயே கிடந்து ஆறியவையாக இருக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டியில் ஊறியவை அல்ல.

முதலில் சுமையில் பத்தில் ஒரு பங்கு கொடுத்து, இறக்கி, எல்லாக் கருவியும் சுழிக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். அப்புறம் 20 கிலோநியூட்டன் படிகளில் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் விரிசலைப் பேனாவால் வரைந்து சுமையை எழுதுங்கள். வடிவமைப்புச் சுமையில் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அதைத் தாண்டினால் இடப்பெயர்ச்சிக் கட்டுப்பாட்டுக்கு மாறிவிடுங்கள், யாரும் கிட்டே போக வேண்டாம். இரும்பு மாதிரி விளைந்து (ஒடியும் முன் நிரந்தரமாக நீண்டு) எச்சரிக்கை தராது. வரைபடம் விரிசலுக்குப் பிறகு ஏறக்குறைய நேர்க்கோடாகவே ஏறி, ஒரே சத்தத்தில் விழும்.

வலுவைக் கணிக்க ஆஷ்டோவின் விளைகோட்டு முறையைப் போடலாம். அது தருகிற எண் பெரும்பாலும் கிட்டத்தில்தான் வரும்.

வளைகம்பி

கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. விளைகோடு என்பது கம்பி விளைந்து, தகைவு மாறாமல் சுழன்று, பக்கத்துக் கம்பிகள் தங்கள் பங்கை எடுக்கும்வரை காத்திருக்கும் என்ற அனுமானம். கண்ணாடியிழைக் கம்பி முறியும்வரை நேர்மீள்தான். முதலில் உச்சத்தைத் தொட்ட கம்பி காத்திருக்காது, ஒடியும். கிட்டத்தில் வருவது தற்செயல். முழு அளவுச் சோதனைகளில் சுவரின் உட்பகுதி பல சமயம் விளைகோட்டில் போகாமல், சுமைப் பட்டைக்குப் பின்னால் சரிவகமாகத் துளைத்துக்கொண்டு பெயர்கிறது. அதைக் கணிக்க வேண்டியது துளைவெட்டுக் கணக்கு.

சுமைச்சட்டம்

சரிதான், அவசரத்தில் தளர்வாக எழுதிவிட்டேன். மூன்று எண் போட்டு, சிறியதை எடுங்கள்: விரிசல் விறைப்போடு மீள் தகட்டுக் கணக்கில் அடித்திருப்புமை; சுமைப் பட்டையைச் சுற்றித் துளைவெட்டு; மூலையில் டெக்கின் மூலைவிட்ட விரிசல். விளைகோட்டு எண்ணை ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கலாம், அவ்வளவே. கம்பியின் மீள்குணகம் இரும்பில் கால்பங்கு என்பதால் விரிசல் ஆழமாக ஓடி அழுத்தமண்டலம் சுருங்குகிறது. கான்கிரீட்டின் வெட்டுவலு இரும்புச் சுவரைவிடக் குறையும், அதே சூத்திரத்தைத் தூக்கிப் போட முடியாது.

ஆய்வுக்கூடம்16

ரொம்ப நன்றி. குழாயை 450-ஆக வெட்டச் சொல்லிவிட்டேன், மாதிரி 6 மீட்டர் என்று மாற்றுகிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். ஸ்டிரெய்ன் கேஜ் (நீட்சி அளக்கும் மின்தகடு) ஒட்டும்போது இரும்புக்குச் செய்வது போலவே கம்பியைத் தேய்த்து ஒட்டலாமா? வைத்துப் பார்த்த ஒன்றில் சுமையே இல்லாமல் எண் ஏறிக்கொண்டே போகிறது. அடுத்தது, இதையெல்லாம் நிலைச் சுமையில் செய்துவிட்டால் வண்டி மோதும் சோதனை தேவையில்லை என்று சொல்லலாமா?

கேஜ்_ஒட்டுபவர்

எண் ஏறுவது சூட்டால்தான். கேஜில் ஓடும் மின்சாரம் அதைச் சூடாக்கும். இரும்பில் அது உடனே பரவிடும். கண்ணாடியிழை வெப்பத்தைக் கடத்தாது, கேஜுக்கு அடியிலேயே தங்கி எண் நகரும். 120 ஓமுக்குப் பதிலா 350 ஓம் கேஜ் வாங்குங்க, ஊட்டு மின்னழுத்தத்தை 2 வோல்ட் வாக்கில் இறக்குங்க, ஆன் பண்ணி அரை மணி நேரம் விட்டு சுழி பிடிங்க.

தேய்ப்பதில் கை அடக்கம் வேணும். மணல் பூச்சை மட்டும் 120 நம்பர் தாளால் எடுங்க, ரெசின் தெரிஞ்சதும் நிறுத்துங்க. வெள்ளையா இழை எட்டிப் பார்த்தால் கம்பியை வெட்டியாச்சுன்னு அர்த்தம். கிரைண்டர் பக்கமே போக வேண்டாம். மெழுகு, தார்நாடா எல்லாம் சேர்த்து மூடிய நீளம் 40, 50 மி.மீ.க்கு மேல் போனால் அங்கே பிணைப்பு இல்லை. விரிசல் அங்கேயே வந்து உட்காரும். சுவரடி விரிசல் வரும் இடத்தில் ஒன்று, வளைவு தொடங்கும் இடத்தில் ஒன்று. பக்கத்துக் கம்பிகளுக்கும் அதே மாதிரி, சுமை மையத்திலிருந்து 0, 300, 600, 1,200 மி.மீ. தூரத்தில். சுமை எவ்வளவு விரியுதுங்கிறது இந்த வரிசையிலிருந்துதான் கிடைக்கும்.

கம்பிகள் மிதக்கும், அதையும் சொல்லிடறேன். அடர்த்தி 2.1 வாக்கில், கான்கிரீட்டுக்கு 2.4. வைப்ரேட்டர் போட்டதும் டெக்கில் படுத்திருக்கிற கம்பி மேலே எழும்பி கவர் குறையும், கேஜ் கம்பியும் இழுபடும். கூட்டை ஷட்டரிங்கோடு கீழே இழுத்துக் கட்டுங்க, நெகிழிக் கட்டோ பூச்சு பூசின கட்டுக்கம்பியோ போதும். வைப்ரேட்டர் ஊசிக்கு ரப்பர் முனை மாட்டுங்க.

சுமைச்சட்டம்

மோதல் சோதனை பற்றி. நிலைச் சோதனை வலுவைச் சொல்லும். வண்டி சுவரில் ஏறுகிறதா, கவிழ்கிறதா, சக்கரம் எதிலாவது மாட்டுகிறதா என்பது சுவரின் வெளி வடிவத்தைப் பொறுத்தது, கம்பியைப் பொறுத்தது அல்ல. ஏற்கெனவே மோதிச் சோதித்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, உள்ளே கம்பியை மட்டும் மாற்றினால், வலு குறையவில்லை என்று நிலைச் சோதனையால் காட்டிப் பாலத்தின் பொறுப்பாளரிடம் வாதிடலாம். புது வடிவமென்றால் வண்டி ஓட்டித்தான் ஆக வேண்டும்.

பக்கவாட்டு ஆற்றல்களை வைத்துப் பார்த்தால் அளவு புரியும். மாஷ் டி.எல்.-4: 10,000 கிலோ லாரி, மணிக்கு 90 கி.மீ., 15 பாகை, பக்கவாட்டு ஆற்றல் சுமார் 209 கிலோஜூல். மாஷுக்கு முந்தைய நடைமுறையான என்.சி.எச்.ஆர்.பி. 350-இன் டி.எல்.-4: 8,000 கிலோ, 80 கி.மீ., 132 கிலோஜூல். பெயர் ஒன்று, ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல். பழைய அறிக்கையில் "டி.எல்.-4 தேறியது" என்று பார்த்தால் எந்த டி.எல்.-4 என்று கேளுங்கள். மாஷ் டி.எல்.-5-இல் 36,000 கிலோ டிராக்டர் டிரெய்லர், 80 கி.மீ., 15 பாகை, சுமார் 595 கிலோஜூல்.

இரண்டுக்கும் நடுவில் ஊசல் சோதனை உண்டு. கனடாவின் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகக் குழு, இரும்பும் கண்ணாடியிழையும் போட்ட சுவர்களை 3 டன் இரும்புக் குண்டால் அடித்து ஒப்பிட்டது. ஒப்பீட்டுக்கு அருமையான வழி: ஒரே குண்டு, ஒரே உயரம், கம்பி மட்டும் வேறு. ஆனால் அதே 132 கிலோஜூலைக் கொடுத்துவிட்டு லாரிக்குச் சமம் என்று எழுதக் கூடாது. லாரியின் முன்பக்கம் நசுங்கி நேரத்தை இழுக்கும். குண்டு நசுங்காது, உச்ச விசை பல மடங்கு, நேரம் சில மில்லிநொடி. பதிவுக்கருவி நொடிக்கு 10,000 எண்ணாவது எடுக்க வேண்டும், நிலைச் சோதனைக்கு வைத்த நொடிக்குப் பத்தில் உச்சமே விழாது.

குழாய்முனை

ஒன்று விட்டுப்போச்சு, காரச் சோதனை: கான்கிரீட்டின் காரத்தில் கம்பி எவ்வளவு வலுவிழக்கிறது என்று பார்ப்பது. பெரும்பாலும் எல்லாரும் கடைசியில் தொடங்கி, 90 நாள் காத்திருப்பார்கள். முதல் வேலையாக இதைத் தொட்டியில் போடுங்கள். அதற்கான டி7705 தரநூலின் கரைசல்: ஒரு லிட்டர் அயனி நீக்கிய நீருக்குக் கால்சியம் ஹைட்ராக்சைடு 118.5 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு 0.9, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 4.2. வெப்பம் 60 பாகை செல்சியஸ், 90 நாள். டி7957 கேட்பது அதன்பின் 80 சதவீத இழுவைவலு மிச்சம் இருக்க வேண்டும் என்பது.

வெட்டுமுனைகளை எபாக்சியால் அடைத்துவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் இழையோரமாகக் கரைசல் ஏறும். தொட்டிக்கு இறுக்கமான மூடி. திறந்து கிடந்தால் காற்றின் கரியமில வாயு காரத்தைத் தின்றுவிடும், பி.எச். 12.6-க்குக் கீழே இறங்கியதும் சோதனை சும்மா வெந்நீர்க் குளியலாகிவிடும். வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். எடுத்த கம்பியைக் கழுவி, உலர்த்தி, அதற்குப் பிறகே குழாய் மாட்டுங்கள். ஒப்பீட்டுக் கம்பிகளும் அதே லாட்டிலிருந்து, அதே நாளில் இழுக்க வேண்டும். லாட்டுக்கு ஐந்து மாதிரி, ஒவ்வொன்றும் தனித்தனியாக 130-ஐத் தாண்ட வேண்டும்; சராசரி தாண்டினால் போதாது. அந்த ஐந்தின் திட்டவிலக்கத்தை வைத்து உறுதி வலு கணக்கிடவும் கூடாது. உறுதி வலு மூன்று லாட்டுகளிலிருந்து எடுத்த 24 மாதிரிகளில் தயாரிப்பாளர் காட்ட வேண்டியது, அவரிடமிருந்து அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ரெசின் வினைல் எஸ்டரா எபாக்சியா என்றும் அதில் பார்த்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் என்றிருந்தால் டி7957-க்குள் வராது, தொட்டியில் போடும் வேலையும் மிச்சம்.

ஆய்வுக்கூடம்16

ஐந்து மாதிரி இன்றே தொட்டிக்குள் போகிறது. விரிவடையும் கிரவுட் ஊற்றிய முதல் ஜோடி மூன்றாம் நாள் இழுத்ததும் முறிவு விசையையும் முறிந்த இடத்தையும் இங்கேயே எழுதுகிறேன்.